வெள்ளவத்தை ரயில் நிலையம்: ஒரு சிறிய தரிப்பிடம் யாருக்காக இயங்குகிறது?

காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்குகிறது ஸ்டேசன் வீதி. வார நாள் ஒன்றில் காலை ஏழு மணிக்கு அதன் முனையில் நின்று பார்த்தால், இரண்டு திசைகளில் மனிதர்கள் போவதைக் காணலாம். ஒரு கூட்டம் மெரைன் டிரைவைக் கடந்து நிலையத்துக்குள் நுழைகிறது. கோட்டையில் வங்கியிலோ அமைச்சிலோ வேலை செய்பவர்கள், புறக்கோட்டைக் கடைச் சிப்பந்திகள், மாணவர்கள். இன்னொரு கூட்டம் நிலையத்திலிருந்து வெளியே வருகிறது. பாணந்துறை, மொறட்டுவை, இரத்மலானைப் பக்கமிருந்து வந்து வெள்ளவத்தையின் புடவைக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் உணவகங்களிலும் மருத்துவ நிலையங்களிலும் வேலை செய்பவர்கள் அவர்கள். முதற் கூட்டத்தில் தமிழ் அதிகம் கேட்கும். இரண்டாவதில் சிங்களம் அதிகம் கேட்கும்.

ரயில் வந்து நிற்பது அரை நிமிடமோ ஒரு நிமிடமோதான். அது போனதும் நிலையம் மறுபடி கடற்காற்றுக்கு உரியதாகிவிடும். பெரிய கூரையோ, கோட்டையிலும் மருதானையிலும் உள்ளதைப் போன்ற பல மேடைகளோ இங்கு இல்லை. கொழும்பைப் பற்றி எழுதுபவர்கள் இதைப் பெரும்பாலும் ஒரு வரியோடு தாண்டிவிடுகிறார்கள்.

ஆனால் ஒரு புறநகர் நிலையத்தைக் கட்டடத்தை வைத்து மதிப்பிட முடியாது. அங்கே எத்தனை ரயில்கள் நிற்கின்றன, அதில் ஏற எவ்வளவு செலவாகும், வருகிற ரயில் எது என்பதைத் தன் மொழியில் ஒருவர் அறிந்துகொள்ள முடிகிறதா, வயதானவரும் நடக்க இயலாதவரும் ஏறி இறங்க முடிகிறதா என்பவையே அதன் அளவுகோல்கள். இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு வெள்ளவத்தை நிலையத்தையும் அதன் சேவைகளையும் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

1877 இல் வந்த பாதை

இலங்கையின் முதல் ரயில் 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. 1867 இல் பாதை கண்டியை எட்டியது. மலையகத்தின் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டு வருவதே அதன் முதல் நோக்கம். தேயிலை வந்தது பிறகுதான்.

கரையோரப் பாதை இதிலிருந்து வேறுபட்டது. கொழும்பிலிருந்து தெற்கே, மக்கள் நெருக்கமாக வாழ்ந்த கரையை ஒட்டி அது போடப்பட்டது. 1877 இல் பாணந்துறை வரை ரயில் ஓடத் தொடங்கியது. 1894 இல் காலியையும் 1895 இல் மாத்தறையையும் பாதை சென்றடைந்தது. அதற்கப்பால் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எதுவும் நடக்கவில்லை. 2019 ஏப்ரலில்தான் பெலியத்த வரையான நீட்சி திறக்கப்பட்டது.

கொழும்பு கோட்டையிலிருந்து தெற்கே செல்லும்போது செயலக நிறுத்தம், கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி ஆகியவற்றைக் கடந்து வருவது வெள்ளவத்தை. அடுத்து தெஹிவளை, கல்கிசை, இரத்மலானை, அங்குலானை, லுணாவ, மொறட்டுவை, கொரலவெல்ல, எகொட உயன, பாணந்துறை. கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர். கொள்ளுப்பிட்டிக்கு அருகே பாதை கடலோரத்துக்கு வந்துவிடுகிறது. பிறகு வெகுதூரம் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வீடுகள்.

இந்தப் பகுதியில் இரட்டைத் தண்டவாளம் உண்டு. இலங்கையில் வீதியைப் போலவே இரட்டைப் பாதையிலும் ரயில்கள் இடப்பக்கமாகவே ஓடும். ஆகவே தெற்கே போகும் ரயில் நிலப்பக்கத் தண்டவாளத்திலும், கோட்டைக்குப் போகும் ரயில் கடற்பக்கத் தண்டவாளத்திலும் வருவது வழமை. புதிதாக வருபவருக்கு இந்த ஒரு விடயம் தெரிந்தாலே எந்த மேடையில் நிற்பது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். திருத்த வேலை நடக்கும் நாட்களில் இது மாறலாம் என்பதால், நிலைய அறிவித்தலையும் கவனிக்க வேண்டும்.

எந்த ரயில் நிற்கும், எது நிற்காது

வெள்ளவத்தை வழியாக ஓடும் ரயில்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் சாதாரண ரயில். மருதானைக்கும் பாணந்துறை, களுத்துறை தெற்கு, அளுத்கம போன்ற இடங்களுக்கும் இடையில் ஓடுபவை இவை. வெள்ளவத்தை நிலையத்தின் அன்றாட வாழ்வு இவற்றை நம்பியே இருக்கிறது.

இரண்டாவது, அலுவலக ரயில். காலையில் கோட்டை நோக்கியும் மாலையில் தெற்கு நோக்கியும் ஓடுபவை. இவற்றில் சில குறிப்பிட்ட நிலையங்களில் மட்டும் நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் போயா முதலான விடுமுறை நாட்களிலும் இவற்றிற் பல ஓடுவதில்லை.

மூன்றாவது, காலி, மாத்தறை, பெலியத்த போன்ற தூர இடங்களுக்கான கடுகதி. இவை எல்லாம் வெள்ளவத்தையில் நிற்பதில்லை. மேடையில் நிற்பவரின் முன்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் ரயில் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது. நிற்கப் போகும் ரயில் என்று எண்ணி விளிம்புக்கு வந்து நிற்பது ஆபத்தானது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விடயம் இருக்கிறது. கோட்டை நிலையம் ஒரு முடிவிடம் அல்ல. அது கரையோரப் பாதையையும் பிரதான பாதையையும் இணைக்கும் ஒரு வழிநிலையம். அதனால் கரையோரத்துக்கு வரும் ரயில்கள் பல, கோட்டையில் பிறப்பவை அல்ல. பொல்காவலை, வெயாங்கொடை, கம்பஹா போன்ற பக்கங்களிலிருந்து புறப்பட்டு, ராகம, மருதானை, கோட்டை வழியாக வந்து கடலோரமாகத் தெற்கே இறங்குபவை. இதனால் கம்பஹாவில் வசிப்பவர் வெள்ளவத்தைக்கு இடையில் மாறாமலே வந்து சேர முடிகிறது. இது பெரிய வசதி.

ஆனால் அதே காரணத்தால், ராகமவுக்கு அப்பால் ஒரு சமிக்ஞை பழுதானாலோ ஓர் இயந்திரம் நின்றுவிட்டாலோ, அதன் பாதிப்பு வெள்ளவத்தை மேடையில் காத்திருப்பவர் வரை வந்துவிடும். வானம் தெளிவாக இருக்கிறது, கடல் அமைதியாக இருக்கிறது, ரயில் மட்டும் வரவில்லை என்று சலித்துக்கொள்பவர், முப்பது நாற்பது கிலோமீற்றருக்கு அப்பால் நடந்த ஒன்றுக்காகவே பல நேரம் காத்திருக்கிறார். தாமதத்துக்கான காரணமும் எவ்வளவு நேரமாகும் என்பதும் அவருக்குச் சொல்லப்பட்டால், அவர் காலி வீதிக்குப் போய் பஸ் பிடிப்பதா, காத்திருப்பதா என்று தீர்மானிக்கலாம். சொல்லப்படாவிட்டால் இரண்டையும் இழக்கிறார்.

பஸ்ஸா, ரயிலா?

வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்குப் போக 100, 101 ஆம் இலக்க பஸ்கள் இருக்கின்றன. முன்னையது பாணந்துறையிலிருந்தும் பின்னையது மொறட்டுவையிலிருந்தும் காலி வீதி வழியாக வருபவை. சில நிமிடங்களுக்கு ஒன்று கிடைக்கும். ரயில் அப்படிக் கிடைக்காது. ஆனால் ஏறிவிட்டால், சாதாரண ரயில்கூட ஏறத்தாழ இருபது நிமிடங்களில் கோட்டையில் இறக்கிவிடும். காலை எட்டு மணிக்குக் காலி வீதியில் அகப்பட்ட பஸ்ஸுக்கு அதைப்போல இரண்டு மடங்கு நேரமும் போதாமற் போகலாம்.

கட்டணத்திலும் வேறுபாடு இருக்கிறது. மூன்றாம் வகுப்பு ரயில் கட்டணம் பஸ் கட்டணத்தை விடக் குறைவு. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது பஸ் கட்டணம் அடுத்தடுத்து உயர்ந்தது. பஸ்களே ஓடாத நாட்களும் இருந்தன. அப்போது ரயில்கள் தாங்க முடியாத அளவுக்கு நிரம்பின. வாசற்படிகளிலும் பெட்டிகளுக்கு இடையிலும் தொங்கிக்கொண்டு மக்கள் வேலைக்குப் போனார்கள். அதே ஆண்டில் ரயில் கட்டணமும் உயர்த்தப்பட்டது. அப்படியிருந்தும், மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவு செய்யும் குடும்பத்துக்கு ரயில்தான் மலிவானது.

நாள்தோறும் போய்வருபவர்களுக்குப் பருவச்சீட்டு இருக்கிறது. பேச்சு வழக்கில் ‘சீசன்’. மாதத்துக்கு ஒரு தடவை பணம் செலுத்தினால் குறிப்பிட்ட இரு நிலையங்களுக்கிடையில் எத்தனை தடவையும் போய்வரலாம். மாணவர்களுக்கும் அரச ஊழியர்களுக்கும் சலுகை உண்டு. ஒவ்வொரு நாளும் சீட்டுக்கு வரிசையில் நிற்கும் நேரமும் மிஞ்சும். அந்த ஐந்து நிமிடத்தில் ரயிலைத் தவறவிட்டவர்களுக்கு இதன் மதிப்புத் தெரியும்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. இலங்கையின் ரயில் சேவை ஒரு கூட்டுத்தாபனமோ கம்பனியோ அல்ல, ஓர் அரச திணைக்களம். கட்டணத்தால் வரும் வருமானம் செலவுக்குப் போதுவதில்லை. மிகுதியைத் திறைசேரி, அதாவது வரி செலுத்தும் எல்லோரும், ஈடுசெய்கிறார்கள். ரயிலேறாதவர்களும் இதற்குப் பணம் கொடுக்கிறார்கள் என்று சிலர் குறைகூறுவார்கள். ஆனால் ஒரு ரயில் ஏற்றிச் செல்லும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பஸ்ஸிலும் காரிலும் முச்சக்கரவண்டியிலும் காலி வீதிக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதை, ரயில் வேலைநிறுத்தம் நடக்கும் ஒவ்வொரு தடவையும் கொழும்பு பார்க்கிறது. ரயில் ஓடுவதால் வீதியில் போகிறவருக்கும் நன்மை இருக்கிறது.

மின்சாரம் வராத பாதை

நீராவி இயந்திரங்களிலிருந்து டீசலுக்கு மாறும் வேலை 1950களில் தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து டீசல் இயந்திரங்கள் 1954 இல் வந்தன. திணைக்களத்தின் பொதுமுகாமையாளராக இருந்த பி. டி. ரம்பலவின் காலத்தில் ருஹுணு குமாரி, யாழ்தேவி, உடரட்ட மெனிக்கே போன்ற பெயர்தாங்கிய கடுகதிகள் ஓடத் தொடங்கின.

புறநகர்ப் பாதையில் இன்று பெரும்பாலும் ஓடுவது, முன்னும் பின்னும் சாரதி அறை கொண்ட டீசல் தொடர்கள். முடிவிடத்தில் இயந்திரத்தைக் கழற்றித் திருப்ப வேண்டியதில்லை என்பதால் குறுகிய தூரச் சேவைக்கு இவை பொருத்தமானவை. ஜப்பான், சீனா, இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வெவ்வேறு காலங்களில் வாங்கப்பட்டவை. வெவ்வேறு நாட்டுத் தொடர்களுக்கு வெவ்வேறு உதிரிப்பாகங்கள் தேவை. அந்நியச் செலாவணி இல்லாத காலத்தில் உதிரிப்பாகம் வராது. ஒரு தொடர் திருத்தகத்தில் நின்றால், அடுத்த நாள் ஒரு சேவை இரத்தாகும், அல்லது பத்துப் பெட்டிகள் வரவேண்டிய இடத்தில் குறைவான பெட்டிகள் வரும்.

பாணந்துறைக்கும் வெயாங்கொடைக்கும் இடையிலான புறநகர்ப் பாதையை மின்மயமாக்குவது பற்றி நீண்டகாலமாகப் பேசப்படுகிறது. ஆய்வுகளும் நடந்தன. அடிக்கடி நின்று புறப்படும் ரயிலுக்கு மின்சாரம்தான் சிறந்தது. விரைவாக வேகமெடுக்கலாம், எரிபொருள் இறக்குமதி குறையும், இரண்டு ரயில்களுக்கு இடையிலான நேரத்தைக் குறைக்கலாம். இருந்தும் கம்பி இன்னும் இழுக்கப்படவில்லை.

கடலும் தண்டவாளமும்

இந்தப் பாதையின் அழகே அதன் சுமையும்கூட. உப்புக்காற்று தண்டவாளத்தையும் அதைப் பிணைக்கும் கொக்கிகளையும் பெட்டிகளின் அடிப்பாகத்தையும் அரிக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் அலை கரையை அறுக்கிறது. பாறாங்கற்களைக் கொட்டிப் பாதையைக் காக்க வேண்டியிருக்கிறது. கடல் மிகவும் கொந்தளிக்கும் நாட்களில் அலை தண்டவாளம் வரை வருவதுண்டு. அப்போது கடற்பக்கப் பாதையைத் தவிர்த்து ஒரே பாதையில் ரயில்களை ஓட்ட நேரும். தாமதம் அதன் விளைவு.

கடல் எவ்வளவு தூரம் வரக்கூடும் என்பதை இதே கரையோரப் பாதை 2004 டிசம்பர் 26 அன்று கண்டது. காலிக்கு வடக்கே பெரெலியவில் மாத்தறை நோக்கிச் சென்ற ரயிலை ஆழிப்பேரலை புரட்டியது. 1,700 க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள் என்று கணக்கிடப்படுகிறது. உலக ரயில் வரலாற்றிலேயே மிகப் பெரிய உயிரிழப்பு அது. ரயிலை நிறுத்தவேண்டும் என்ற செய்தி உரிய நேரத்தில் உரிய இடத்தைச் சென்று சேராததும் அந்த அழிவின் ஒரு பகுதி.

அன்றாடம் நடக்கும் சாவுகள் இதைவிடச் சிறியவை, ஆனால் தவிர்க்கக்கூடியவை. வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில் மாலை வேளைகளில் கடற்கரைக்குப் போகிறவர்கள் தண்டவாளத்தைக் கடந்தே போகிறார்கள். சிலர் தண்டவாளத்தின் நடுவிலேயே நடக்கிறார்கள். காதில் தொலைபேசி ஒலிக்கருவி. அலையின் இரைச்சல் பின்னால் வரும் ரயிலின் சத்தத்தை விழுங்கிவிடும் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. இன்னொன்று, இது இரட்டைப் பாதை. ஒரு ரயில் கடந்து போனதும் அவசரமாகக் கால் வைப்பவர், அதன் பின்னால் மறைந்து எதிர்த்திசையில் வரும் மற்ற ரயிலைக் காண்பதில்லை. வேகமாக வரும் ரயிலைச் சாரதி தடுப்புப் போட்டு நிறுத்த நூற்றுக்கணக்கான மீற்றர் வேண்டும். கண்ட பிறகு அவரால் செய்யக்கூடியது ஒலி எழுப்புவது மட்டுமே. அனுமதியின்றிப் பாதையில் நடப்பது சட்டப்படி குற்றம். ஆனால் கடற்கரைக்குப் பாதுகாப்பான கடவைகள் போதிய அளவில் இல்லாத இடத்தில் சட்டம் மட்டும் போதாது.

அச்சத்தோடு ஏறிய காலம்

வெள்ளவத்தையைக் ‘குட்டி யாழ்ப்பாணம்’ என்று சொல்வதுண்டு. வடக்கிலிருந்து அரசாங்க வேலைக்காகவும் படிப்புக்காகவும் வியாபாரத்துக்காகவும் வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே குடியேறின. 1983 ஜூலையில் இந்தத் தெருக்களில் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. அகதி முகாம்களுக்குப் போனவர்களிற் பலர் கப்பலில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டார்கள். பிறகு திரும்பி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு.

போர்க்காலத்தில் ரயில் நிலையங்கள் எல்லோருக்கும் அச்சம் தரும் இடங்களாயின. 1996 ஜூலை 24 ஆம் திகதி மாலை, வெள்ளவத்தைக்கு அடுத்த தெஹிவளை நிலையத்தில், வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள் நிறைந்த ரயிலில் குண்டுகள் வெடித்தன. 64 பேர் கொல்லப்பட்டார்கள். 400 க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். விடுதலைப் புலிகளே அதைச் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. 2008 பெப்ரவரியில் கோட்டை நிலையத்திலும், அதே ஆண்டு மே மாதம் மறுபடி தெஹிவளையிலும் குண்டுகள் வெடித்தன. இறந்தவர்கள் சீசன் சீட்டோடு போய்வந்த சாதாரண மக்கள்.

அதே காலத்தில், அடையாள அட்டையில் பிறந்த இடம் வடக்கு என்றிருந்த ஓர் இளைஞர் பயணப்பையோடு ரயிலேறுவது எளிதான காரியமாக இருக்கவில்லை. 2007 ஜூன் 7 ஆம் திகதி வெள்ளவத்தை உட்படக் கொழும்பின் தங்குவிடுதிகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரை விட்டு அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர்நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அதே மேடையில் குண்டுக்கு அஞ்சியவரும் சோதனைக்கு அஞ்சியவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஒருவரின் அச்சம் மற்றவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்த நிலையத்தின் வரலாற்றில் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வடக்குக்கு இங்கிருந்து

கரையோரப் பாதை தெற்கே போவது. ஆனால் வெள்ளவத்தை மேடையில் நிற்கும் பலருடைய மனம் வடக்கே போகும் பாதையில் இருக்கும். காங்கேசன்துறைக்கான பாதை 1905 இல் முழுமையடைந்தது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ஊருக்குப் போய், ஞாயிறு இரவு திரும்பும் அரச ஊழியர் தலைமுறை ஒன்றை அந்த ரயில் உருவாக்கியது. அரச ஊழியருக்குக் கிடைக்கும் ‘வாரண்ட்’ என்ற இலவசப் பயணச்சீட்டும் அந்த வாழ்க்கையின் ஒரு பகுதி. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. 2014 ஒக்டோபரில்தான் ரயில் மறுபடி யாழ்ப்பாணத்தைத் தொட்டது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறையை அடைந்தது. அதே ஆண்டு மார்ச்சில் தலைமன்னார் பாதையும் திறக்கப்பட்டது.

2022 ஜனவரியில் கல்கிசையிலிருந்து காங்கேசன்துறைக்குக் குளிரூட்டப்பட்ட நகரங்களிடைக் கடுகதி ஒன்று தொடங்கப்பட்டது. கோட்டையிலிருந்து தொடங்காமல் தெற்குப் புறநகரிலிருந்து தொடங்கியமை, வடக்குக்குப் போகும் பயணிகளிற் கணிசமானோர் இந்தக் கரையோரத்தில் வாழ்கிறார்கள் என்பதை ஏற்றுக்கொண்டதற்கு ஒப்பானது. ஆனால் வடக்குச் சேவை தொடர்ச்சியாக ஓடியது என்று சொல்ல முடியாது. 2023, 2024 ஆம் ஆண்டுகளில் மாஹோவுக்கும் ஓமந்தைக்கும் இடையில் பாதையைப் புனரமைப்பதற்காகப் பகுதி பகுதியாக மாதக்கணக்கில் மூட நேர்ந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் நாட்டின் பல ரயில் பாதைகளைச் சேதப்படுத்தியது.

ஆகவே வெள்ளவத்தையிலிருந்து வடக்குக்கோ கிழக்குக்கோ போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். முதலில், அந்த நாளில் ரயில் ஓடுகிறதா என்பதைத் திணைக்களத்தின் இணையத்தளத்திலோ, 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலைய இலக்கத்திலோ உறுதிப்படுத்துங்கள். ஆசனப் பதிவு 30 நாட்களுக்கு முன்பே திறக்கும். நல்லூர்த் திருவிழா, தைப்பொங்கல், பாடசாலை விடுமுறை போன்ற காலங்களில் அது வெகு விரைவில் நிரம்பிவிடும். கோட்டையில் ரயில் மாறுவதென்றால், தொடர்பு ரயில் புறப்படுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு கோட்டையை அடையும் சாதாரண ரயிலை நம்ப வேண்டாம். அதற்கு முந்திய ரயிலில் போங்கள். மட்டக்களப்பு, திருகோணமலை ரயில்களுக்கும் இதே கணக்குத்தான்.

பலகையில் இருக்கும் தமிழ்

நிலையத்தின் பெயர்ப்பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கின்றன. இது சிறிய விடயம் அல்ல. 1956 இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியாக்கப்பட்டது. 1987 இன் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி என்றது. 1988 இன் 16 ஆவது திருத்தம், மேல் மாகாணத்திலும் ஒருவர் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொண்டு தமிழில் பதில் பெறும் உரிமையை வரையறுத்தது. ரயில் திணைக்களமும் அரச திணைக்களமே. நிலைய அதிபரின் சாளரமும் ஓர் அரச அலுவலகமே.

ஆனால் பலகை மாறாதது. மாறுவது அறிவித்தல். இந்த ரயில் இரண்டாம் மேடைக்கு வருகிறது, அந்த ரயில் இரத்து, இது கல்கிசையில் நிற்காது என்பவைதான் பயணிக்கு உடனே தேவைப்படும் செய்திகள். அவை ஒரு மொழியில் மட்டும் சொல்லப்படும்போது, யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மருத்துவத்துக்காக வந்து வெள்ளவத்தையில் தங்கியிருக்கும் ஒரு தாய், பக்கத்தில் நிற்பவரைக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவர் உதவுவார். சிங்களப் பயணிகள் சைகையால் மேடையைக் காட்டிவிடும் காட்சி இங்கே புதிதல்ல. ஆனால் உரிமை என்பது பக்கத்தில் நிற்பவரின் நல்ல மனதில் தங்கியிருக்கக் கூடாது. மொழி உரிமை மீறப்பட்டால் 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம். அதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு.

ஏற முடியாதவர்கள்

ரயில் பெட்டியின் தளம் மேடையை விட உயரம். மேடைக்கும் மிதிபலகைக்கும் இடையில் இடைவெளி. ரயில் நிற்பதோ ஒரு நிமிடத்துக்குள். முழங்கால் வலியுள்ள அறுபது வயதுப் பெண்ணுக்கு, குழந்தையோடு வரும் தாய்க்கு, சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு இந்த ஒரு நிமிடமே பயணத்தின் கடினமான பகுதி. வெள்ளவத்தையில் முதியோர் நிறைந்த குடும்பங்கள் ஏராளம். பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் அடுக்குமாடி வீட்டில். அவர்களிற் பலர் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தும் முச்சக்கரவண்டிக்கே பணம் கொடுக்கிறார்கள்.

இதற்கும் சட்டம் இருக்கிறது. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும், பொதுக் கட்டடங்களும் பொது இடங்களும் எல்லோரும் அணுகக்கூடியனவாக இருக்க வேண்டும் என்ற 2006 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும் உள்ளன. மெரைன் டிரைவைக் கடப்பதில் தொடங்கி பெட்டிக்குள் கால் வைப்பது வரை, ஒரு வயோதிபரோடு கூட நடந்து பார்த்தால் எங்கெங்கே அந்த விதிகள் நின்றுவிடுகின்றன என்பது தெரியும்.

செலவு குறைந்த வேலைகள்

மின்மயமாக்கலுக்குப் பெருங்கடன் வேண்டும். புதிய தொடர்களுக்கு அந்நியச் செலாவணி வேண்டும். இவை ஒரு சிறிய நிலையத்தின் கையில் இல்லை. ஆனால் எல்லாமே அப்படியல்ல.

மூன்று மொழியிலும் முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்த அறிவித்தல்களுக்குப் பெரிய செலவில்லை. நிற்கும் ரயில், நிற்காத ரயில் என்று பிரித்து எழுதிய தமிழ் நேர அட்டவணை ஒன்றை மேடையில் மாட்டுவதற்குப் பெரிய செலவில்லை. ரயில் தாமதித்தால் எவ்வளவு நேரம் என்பதைச் சொல்வதற்குச் செலவே இல்லை. நிலையத்தின் முன்னால் மெரைன் டிரைவில் முதியவர் நிதானமாகக் கடக்க வகைசெய்வதும், மேடையின் ஒரு பகுதியையாவது பெட்டியின் உயரத்துக்கு உயர்த்துவதும் ஒரு நகரத்தின் சக்திக்கு மீறியவை அல்ல. கடற்கரைக்குப் போகிறவர்களுக்குப் பாதுகாப்பான கடவைகள் அமைப்பதும் அப்படித்தான்.

பயணிகள் பக்கத்திலும் செய்ய ஒன்று இருக்கிறது. ரயில் தாமதமானால் முகநூலில் திட்டுவதோடு பெரும்பாலோர் நின்றுவிடுகிறோம். திகதி, நேரம், ரயில், எந்த அறிவித்தல் எந்த மொழியில் சொல்லப்படவில்லை என்று எழுதி, தமிழிலேயே திணைக்களத்துக்கு அனுப்பலாம். தமிழில் வரும் கடிதங்கள் இல்லாதவரை, தமிழில் பதில் எழுதத் தெரிந்தவர் தேவை என்பதை அந்த அலுவலகம் உணரக் காரணமில்லை.

மாலை ஆறு மணிக்கு ஸ்டேசன் வீதியில் அதே இரண்டு கூட்டங்களும் மறுபடி எதிரெதிராக வரும். காலையில் போனவர்கள் மரக்கறிப் பையோடு வீடு திரும்புவார்கள். காலையில் வந்தவர்கள் கடையை மூடிவிட்டுப் பாணந்துறை ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். இரு கூட்டத்துக்கும் வேண்டியது ஒன்றுதான்: ரயில் நேரத்துக்கு வர வேண்டும், அது எது என்று தெரிய வேண்டும், ஏற முடிய வேண்டும்.